மழை எச்சரிக்கை: நெல்லைக்காரர்கள் யார் பேச்சைக் கேட்பது?

2020 டிசம்பரில் வந்த புயலுக்குப் புரெவி என்று பெயர் இருந்தது. 2023 டிசம்பரில் வந்ததற்குப் பெயரே இல்லை. மழைக்காலத்தில் டிவியை நம்புவதா, யூடியூபை நம்புவதா, வானிலை மையத்தை நம்புவதா என்று யோசிக்கிற திருநெல்வேலிக்காரர்கள் முதலில் இந்த இரண்டு டிசம்பரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

புரெவி திரிகோணமலைக்குப் பக்கத்தில் இலங்கையைக் கடந்தது. அடுத்து பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே கரையைக் கடக்கும் என்றார்கள். செய்தி சேனல்கள் ராப்பகலாக அதையே காட்டின. டிசம்பர் 4-ஆம் தேதி தென்மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை விட்டார்கள். புயலோ மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து ராமநாதபுரம் பக்கமே நின்றுவிட்டது. பெருமழை கொட்டியது சிதம்பரம், கடலூர் பக்கம். நம் ஊரில் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. "இவனுவ எப்பவும் இப்படித்தாம்ல, பூச்சாண்டி காட்டுவானுவ" என்ற பேச்சு டீக்கடைகளில் நிலைத்துவிட்டது.

மூன்று வருஷம் கழித்து வந்தது குமரிக்கடல் மேல் ஒரு வளிமண்டல சுழற்சி. வானிலை அறிக்கையில் மாதத்துக்கு நாலு தடவை வருகிற சாதாரண வார்த்தை அது. டிசம்பர் 18 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்திலும் மூலைக்கரைப்பட்டியிலும் 60 செ.மீ.க்கு மேல். தாமிரபரணியில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் அதிகமாகத் தண்ணீர் போனது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கியது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசைத் தண்ணீர் சூழ்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது.

புயலுக்குப் பெயர் வைப்பது காற்றின் வேகத்தைப் பார்த்து. மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் பெயர். எவ்வளவு மழை பெய்யும் என்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. சேனல்களுக்குப் பெயர் வேண்டும். பெயர் இருந்தால் தலைப்பு வைக்கலாம், வரைபடத்தில் சுழல விடலாம், கரையைக் கடக்கும் நேரத்துக்குக் கவுண்ட்டவுன் ஓட்டலாம். நம் ஆற்று வெள்ளம் பெரும்பாலும் பெயர் இல்லாமல்தான் வருகிறது. 2024 டிசம்பரில் தாமிரபரணியில் மறுபடி வெள்ளம் வந்ததும் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியால்தான். எனவே டிவி போடுகிற சத்தத்தின் அளவை ஆபத்தின் அளவாக எடுத்துக்கொள்கிற வீடு, நம் ஊரில் இரண்டு பக்கமும் ஏமாறும். தேவையில்லாத நாளில் பயப்படும், பயப்பட வேண்டிய நாளில் சும்மா இருக்கும். இரண்டாவதுதான் உயிரைக் குடிக்கும். என் கவலை முழுக்க அதில்தான்.

டிவியிலிருந்தே தொடங்குவோம். ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் கூடினாலே முதலில் கேமரா போகும் இடம் குறுக்குத்துறை முருகன் கோயில். மண்டபத்தைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓடும். கீழே "கோயிலை மூழ்கடித்த வெள்ளம்" என்று எழுத்து ஓடும். அதைப் பார்த்து வெளியூரிலிருந்து போன் வரும்: "அண்ணாச்சி, குறுக்குத்துறை முங்கிட்டாம்லா?" முங்கும்தான். ஆற்றுக்கு நடுவே, தண்ணீரை எதிர்கொள்ளத் தோதாக முன்பக்கத்தைப் படகு முனைபோல் கூர்மையாகக் கட்டிய கோயில் அது. தண்ணீர் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள், வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜையைத் தொடர்வார்கள். கரையில் இருக்கிற எங்களுக்கு அந்தக் கோயில் ஓர் அளவுகோல். எந்தப் படி வரை, மண்டபத்தின் எந்த உயரம் வரை தண்ணீர் நிற்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. அதைச் சேனல் சொல்வதில்லை. கோயிலும் தண்ணீரும் ஒரே சட்டத்துக்குள் வந்தால் போதும் அவர்களுக்கு.

குற்றாலக் காட்சியும் அப்படித்தான். மெயினருவி ஆர்ப்பரிப்பதைக் காட்டிவிட்டு நெல்லைக்கு வெள்ள அபாயம் என்று போடுவார்கள். குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாற்றில் போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அது திருநெல்வேலி நகருக்குக் கீழே இருக்கிறது. வண்ணார்பேட்டைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் சிந்துபூந்துறைக்கும் அந்தத் தண்ணீர் வருவதே இல்லை. நகருக்கு வருவது பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு. ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் சிற்றாற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், நகரத்துக்காரர்களுக்கு அந்தக் கணக்கு வேறு. இதைச் சொல்ல ஒரு வரைபடம் போதும். அது திரையில் வந்து நான் பார்த்ததில்லை.

"தமிழகத்திலேயே அதிகபட்சமாக நெல்லையில் மழை" என்ற தலைப்பையும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அது பெரும்பாலும் நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை ஆகிய மலை எஸ்டேட்டுகளில் பதிவான அளவு. வடகிழக்குப் பருவமழையில் அங்கே ஒரே நாளில் 10 செ.மீ. தாண்டுவது அதிசயமில்லை. அதே நாளில் டவுனில் குடை விரிக்காமலே நடந்திருப்போம். "வரலாறு காணாத" என்பது இன்னொன்று. 1992 நவம்பர் 13-ல் காக்காச்சியில் ஒரே நாளில் 96.5 செ.மீ. மழை பெய்தது. அன்றைய தாமிரபரணி வெள்ளத்தை அம்பாசமுத்திரம் பக்கத்தில் வயதானவர்கள் இன்றும் தேதியோடு சொல்வார்கள். நம் ஆற்றுக்கு வரலாறு உண்டு. அதைக் கேட்டு வைத்துக்கொண்டவர்களுக்கு எந்தத் தெருவில் எந்தச் சுவர் வரை தண்ணீர் ஏறும் என்பதும் தெரியும்.

டிவியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. உண்மையான புயல் வரும்போது, அதாவது காற்றுதான் பயம் என்கிற நாளில், பாதையையும் நேரத்தையும் அவர்கள் ஒழுங்காகவே சொல்கிறார்கள். எந்தச் சாலை துண்டிக்கப்பட்டது, எந்த ரயில் ரத்து என்பதற்கும் டிவி உதவும். ஆனால் சென்னை நனைந்தால் நாள் முழுக்க நேரலை, கோடிக்கரைக்குத் தெற்கே நனைந்தால் அரை மணிக்கொரு முறை. 2023-ல் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில்தான் நம் பக்கம் மழை கொட்டியது. கவனம் அங்கேயே இருந்தது என்பது என் கருத்து.

இன்னும் இரண்டு தலைப்புகள் அடிக்கடி வந்து கலவரப்படுத்தும். "புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்றால் முதலில் எண்ணைப் பாருங்கள். தூத்துக்குடியில் 1-ஆம் எண் ஏறினால், தொலைதூரக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, கப்பல்கள் கவனிக்கட்டும் என்று அர்த்தம். 2 என்றால் தொலைவில் புயலே உருவாகிவிட்டது. துறைமுகத்துக்கு நேரடி ஆபத்து 5-லிருந்துதான் தொடங்குகிறது. அடுத்தது, "அடுத்த 3 மணி நேரத்தில் 15 மாவட்டங்களில் மழை". அது வானிலை மையமே கொடுக்கிற குறுகிய நேர முன்னறிவிப்பு. மூன்று மணி நேரம் போனதும் அதற்கு மதிப்பில்லை. டிவி அதை ராத்திரி வரை ஓட்டும், மறுநாள் காலையில் அது வாட்ஸ்அப்பில் வந்து சேரும்.

வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேதியும் நேரமும் இல்லாத எந்த மழைச் செய்தியையும் அனுப்பாதீர்கள். அணை உடைந்தது என்று வருகிற வாய்ஸ் நோட்டை அனுப்புகிறவர், பேசியது யார், அவர் எந்த ஊரில் நிற்கிறார் என்று கேட்டுவிட்டு அனுப்பட்டும். தெருக்குழுவில் தெரிந்த மனிதர் தன் வீட்டு வாசலில் நின்று எடுத்த படம் மட்டும் வேறு கணக்கு. அது எந்தச் சேனலையும்விட நம்பகமானது.

யூடியூப், பேஸ்புக் வானிலை ஆர்வலர்களில் இரண்டு வகை உண்டு. பிரதீப் ஜான் போல வருஷக்கணக்கில் மழைப் பதிவுகளோடு உட்கார்ந்து, எந்த நேரத்து ரேடார் படம் என்று போட்டு எழுதுகிறவர்கள் ஒரு வகை. இவர்களால் மக்களுக்கு மழையைப் படிக்கிற பழக்கமே வந்திருக்கிறது. பத்து நாளுக்குப் பிறகு வரப்போவதாக ஒரு கணினிக் கணிப்பு மாடலில் தெரியும் சிவப்பு உருண்டையை வெட்டி எடுத்து, "தென்மாவட்டத்தை நோக்கி ராட்சதப் புயல்" என்று தம்ப்னெயில் வைப்பவர்கள் மறு வகை. ஐரோப்பிய மாடலும் அமெரிக்க மாடலும் ஒரு நாளைக்குப் பல முறை புதிதாகக் கணக்குப் போடுகின்றன. இன்று காலை தெரிந்த உருண்டை சாயங்காலம் ஆந்திராவுக்குப் போயிருக்கும், அல்லது இல்லாமலே போயிருக்கும். ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி இருக்கிறது. முந்தைய கணிப்பு தப்பியபோது அவர் அதைப் பற்றி எழுதினாரா, பதிவை அழித்தாரா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் எஸ்டேட் மழைக்கும் சமவெளி மழைக்கும் வித்தியாசம் தெரிந்தவரா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தால், மூன்று நாள் முன்னதாகத் திட்டமிட அவர்தான் நல்ல வழி.

இனி வானிலை மையம். இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். ஆனால் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். "ஓரிரு இடங்களில்" என்றால் மாவட்டத்தின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள். "ஒருசில இடங்களில்" என்றால் பாதிக்குள். கனமழை என்பது 6.45 செ.மீ.யில் தொடங்குகிறது, மிக கனமழை 11.56-ல், அதி கனமழை 20.45-ல். எச்சரிக்கை நிறங்கள் மழையின் அளவை மட்டும் சொல்வதில்லை, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கின்றன. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு.

2023-ல் எல்லோருக்கும் உறைத்திருக்க வேண்டிய விஷயம் இந்தக் கடைசிப் படியில் இருக்கிறது. 20.45 செ.மீ.க்கு மேல் எச்சரிக்கையில் வேறு படியே கிடையாது. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான், காயல்பட்டினத்தின் 95-ம் அதி கனமழைதான். வெள்ளத்துக்குப் பிறகு, முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது ஒன்றிய அரசு. தாமதமாகத்தான் வந்தது, சொன்ன அளவும் பெய்த அளவும் பக்கத்தில்கூட இல்லை என்றது மாநில அரசு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இவ்வளவு பெரிய மழையை எந்த ஊர் என்று முன்னதாகவே குறித்துச் சொல்கிற மாடல் இன்று கையில் இல்லை என்பதுதான் நிலைமை. ஆகவே நம் மாவட்டத்துக்குச் சிவப்பு வந்தால் அதைக் குறைந்தபட்ச அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். "போன தடவையும் ரெட் அலர்ட்டுன்னாவ, ஒண்ணும் பெய்யலையே" என்கிற பேச்சை வீட்டில் யார் பேசினாலும் அந்த ஒரு நாள் கேட்காதீர்கள். சேனல்களின் மேல் இருக்கிற சலிப்பை வானிலை மையத்தின் மேல் இறக்கிவைப்பது, சண்டை ஒருவரோடு, அடி இன்னொருவருக்கு என்பது போலாகிவிடும்.

நகரத்து ஆற்றங்கரைக்காரர்கள் தினமும் பார்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அதில் ஒரு பரபரப்பும் இல்லாததால் யாரும் அதைப் பெரிதாகப் போடுவதில்லை. அணை நிலவரம். பேப்பரில் ஓர் ஓரத்தில் நாலு வரி வரும். பாபநாசம் அணையின் உச்ச உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. பக்கத்தில் இன்றைய நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். வெறும் நீர்மட்டத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. உச்சத்துக்கு எத்தனை அடி பாக்கி, வரத்து எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அணை பாதி காலியாக இருக்கும்போது மலையில் 20 செ.மீ. பெய்தால் அது பிசான நெல் சாகுபடிக்கு வந்த வரம். அணை நிரம்பி நிற்கும்போது அதே மழை பெய்தால் வந்த தண்ணீர் அப்படியே ஆற்றில்தான் இறங்கும், வேறு போக்கிடம் இல்லை. அதனால் கார்த்திகைக் கடைசியில் அணைகள் நிரம்பிய வருஷங்களில், டிவி அமைதியாக இருந்தாலும் கரையோர வீடுகள் விழித்திருக்க வேண்டும். கனஅடிக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். "அணையிலிருந்து 10,000 கனஅடி திறப்பு" என்று சிவப்பில் ஓடும்போது, 2023-ல் போனது அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் என்று நினைவிருந்தால் பதறாமல் யோசிக்கலாம். அதற்காக ஆற்றில் குளிக்கப் போகலாம் என்று அர்த்தமில்லை.

அணை நிலவரத்துக்கும் எல்லை உண்டு. 2023-ல் மூலைக்கரைப்பட்டியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் கொட்டியது அணைகளுக்கு வெகு கீழே, சமவெளியில். குளங்கள் உடைந்து ஊருக்குள் வந்த தண்ணீரை எந்த அணைக் கணக்கும் காட்டாது. நாங்குநேரி, திசையன்விளை, ஏரல் பக்கம் இருக்கிறவர்கள் அணையைவிடத் தங்கள் குளத்துக் கரையையும் உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகாலையும் பார்க்க வேண்டும்.

ஆகவே யாரை நம்புவது என்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரைக் கடற்கரையில் கடலுக்குப் போகிறவர்களுக்கு மீனவர் எச்சரிக்கை மட்டும்தான் கணக்கு. பெயருக்காகக் காத்திருக்கக் கூடாது. 2017 நவம்பர் 30-ல் ஓகி புயலுக்குப் பெயர் வைத்தபோது ஆழ்கடல் படகுகள் கரையைவிட்டு வெகுதூரம் போயிருந்தன. பல நாள் தங்கு தொழிலுக்குக் கிளம்புகிறவர்கள் "குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு" என்ற சாதாரண வரியையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது நல்லது. விட்ட ஒரு மீன்பாட்டை அடுத்த வாரம் பிடித்துவிடலாம்.

நெல் வைத்திருப்பவருக்கு டிவி தேவையே இல்லை. உரம் போடுவதா, மருந்தடிப்பதா என்பதற்கு ஐந்து நாள் முன்னறிவிப்பும், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வருகிற வேளாண் வானிலை அறிக்கையும் போதும். போட்ட யூரியா மறுநாள் மழையில் கரைந்து ஓடாமல் இருந்தால் அதுவே லாபம். களக்காட்டு வாழைக்காரர்கள் நிலைமைதான் பாவம். அவர்கள் வாழையைச் சாய்ப்பது பெரும்பாலும் கோடை மழையோடு வருகிற சூறைக்காற்று. அதற்குப் பெயரும் இல்லை, நேரலையும் இல்லை. அங்கே அந்த மூன்று மணி நேர முன்னறிவிப்புக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. ஆனால் அந்த நேரத்துக்குள் ஆயிரம் வாழைக்கு முட்டுக் கொடுக்க முடியாது. சீசன் தொடக்கத்திலேயே முட்டுக் கொடுப்பதும் காப்பீடு போடுவதும்தான் வழி.

அருவிக்குப் போகிறவர்களுக்கு எந்த ஆப்பும் உதவாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையனின் உயிரைக் கொண்டுபோனது. மேலே மலையில் பெய்கிற மழை கீழே குளிக்கிறவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கி நிறம் மாறினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், அந்த நிமிஷமே வெளியேற வேண்டும். காவலர் விசிலடித்தால் வாக்குவாதம் வேண்டாம்.

ஆற்றங்கரை வீட்டுக்காரர்களுக்கு என் வரிசை இது. முதலில் வானிலை மையத்தின் நிறம், அடுத்து அணையில் பாக்கி இருக்கிற அடியும் வரத்தும், அப்புறம் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பும் போனுக்கு வருகிற அரசு எஸ்எம்எஸ்ஸும், கடைசியாக டிவி. முதல் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் மூன்றாவதற்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போய்விடலாம். ஆரஞ்சு வந்த அன்றே மோட்டாரைக் கழற்றுவது, பத்திரங்களை மாடியில் வைப்பது, பெரியவர்களின் மாத்திரையை ஒரு பையில் போடுவது, வண்டியை மகாராஜநகர் பக்கம் தெரிந்தவர் வீட்டில் விடுவது இதெல்லாம் முடிந்துவிட வேண்டும். மழை வராமல் போனால் ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான்.

இந்த ஊரைப் பற்றி அதிகம் டிவி பார்ப்பது இந்த ஊரில் இல்லாதவர்கள்தான். சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் தலைப்பைப் பார்த்ததும் பதறிக் கூப்பிட்டு, "அங்ஙன வெள்ளமாம்லா, ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்கிறார்கள். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. அந்தப் போனில் அம்மாவிடம் வேறு கேள்விகள் கேளுங்கள்: தெருவில் தண்ணீர் எந்த வீடு வரை நிற்கிறது, மணிமுத்தாறு எத்தனை அடியில் இருக்கிறது, ராத்திரி தங்க யார் வீட்டுக்குப் போவீர்கள், அந்த வீட்டு நம்பர் என்ன. மாவட்ட அவசர எண் 1077-ஐப் பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் போட்டுவைக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு வந்த அன்று மத்தியானமே கூப்பிடுங்கள். 2023-ல் பல தெருக்களில் கரண்டும் டவரும் போன பிறகு, வெளியூரிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை, டிவி மட்டும்தான் கிடைத்தது.